மஞ்சள் வெள்ளி

ஊரின் பெயர் தூண்.
வந்த புதிதில் சிரித்திருக்கிறேன்.
சாம்பவியின் முழங்கால் வீங்கிய பிறகு
முகவரி எழுதும்போது மட்டும்
கை ஒருகணம் நிற்கும்.

காலையில் கட்டிலை விட்டிறங்க முக்கால் மணித்தியாலம்.
வெந்நீரில் நனைத்து,
மடக்கி, நிமிர்த்தி, மடக்கி,
பிறகுதான் சப்பாத்து. ஏழு வயது.

வெள்ளிக்கிழமைகளில் ஊசி.
மருந்து மஞ்சள்.
அதனால் பருப்புக்கு மஞ்சள் போடுவதை
நளாயினி நிறுத்திவிட்டாள்.
தபால் பேருந்து வந்தால் பிள்ளை மறுபக்கம் திரும்பும்.
நான் சிரிஞ்சுக்கு ஒரு நீலக் காலுறை மாட்டி
கண்ணை மூடு என்பேன்.
‘மூடினாலும் மஞ்சள் மணக்குது அப்பா.’

வீட்டு நாய் வீட்டாரையே கடித்தது,
வாய்க்கூடை போட்டிருக்கிறோம்.
இனிக் கள்ளன் வந்தாலும் குரைக்கும், அவ்வளவுதான்.
வைத்தியர் ஸ்பிண்டன் இப்படிச் சொல்லவில்லை.
அவர் ஒரு படம் கீறினார், எண்கள் எழுதினார்.
சின்னமுத்துக்கு இரண்டு ஊசியும் போட்டது;
இரத்தத்தில் அதன் ஞாபகம் இருக்கிறது, மெல்லியதாய்.
கொப்பளிப்பானுக்கு நேரே கட்டம் வெறுமை.
அன்றைக்குக் காய்ச்சல், பிறகு போடலாம் என்றோம்.
பிறகு முழங்கால் வந்தது.
அது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி,
இந்த மருந்தோடு இப்போது வேண்டாம் என்றார்.

மாசி மாதம், செவ்வாய் பின்னேரம்.
அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தை நான்தான் துடைக்கிறேன்.
இரண்டாம் வகுப்புக் கதவில் ஒரு தாள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
எழுத்துக்கூட்டினேன்.
ஜெர்மனில் அதன் பெயர் காற்றுக் கொப்புளம்.

கைபிடிகளைத் துடைத்தேன்.
மேசைகளை இருமுறை.
லேவினின் கதிரையை மூன்று முறை,
பிறகு வெட்கமாயிருந்தது,
பொடியன் என்ன செய்வான்.
காற்றை எந்தத் துணியால் துடைப்பது?

பேர்ணில் தொலைபேசியை எடுத்தவள் கேட்டது ஒன்றே:
எத்தனை நாளாயிற்று?
நாலுக்குள் என்றால் வாருங்கள்.

வேறு யாருடையவோ இரத்தத்திலிருந்து பிரித்த காப்பு.
நோய் வந்து மாறிய யாரோ, ஊசி போட்ட யாரோ,
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்
கை நீட்டிவிட்டுப் போனவர்கள்.
மணிக்கட்டில் கட்டும் காப்பென்றால்
முடிச்சைத் தொட்டுப் பார்க்கலாம்.
இது சில கிழமைகளில் கரைந்துவிடுமாம்.

‘இது மஞ்சள் இல்லைத்தானே?’
தாதி சிரிஞ்சை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
‘கொஞ்சம் மஞ்சள்தான்,’ என்றாள்.
பொய் சொல்லாததற்காக
சாம்பவி தொடையைக் காட்டினாள்.

வெள்ளி ஊசியை நிறுத்தச் சொன்னார்கள்.
இருபத்தெட்டு நாள் காத்திருப்பு.
முதல் கிழமை விடுதலை.
இரண்டாவதில் வெந்நீர் வாளி திரும்பி வந்தது.
மூன்றாவதில் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.
இரவுகளில் கைவிளக்கோடு
முதுகு, அக்குள், காதின் பின்புறம்.
எதற்கு முதலில் பயப்படுவதென்று
எனக்கும் நளாயினிக்கும் ஒத்துவரவில்லை.

பத்தொன்பதாம் இரவு
முழங்கைக்கு மேலே ஒரு சிவப்பு.
கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
விரலை நனைத்துத் தேய்த்தேன்.
கரைந்தது. பேனை மை.
‘நீங்க ஒழுங்காப் பார்க்கிறீங்களோ எண்டு பார்த்தனான்.’
நளாயினி ஏசினாள்.
நான் குளியலறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒன்றும் வரவில்லை.
லேவின் எப்போதோ பள்ளிக்கு வந்துவிட்டான்,
நெற்றியில் ஒரு சின்னக் குழியோடு.
தனக்கு நூற்றிப் பதினொன்று, எண்ணினேன் என்றானாம்.
அவளுக்குச் சைபர் என்றதும்
பாவம் பார்த்தானாம்.

மறுபடி வெள்ளி.
அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன்.
காலுறையை அவளே தேடிக் கொண்டுவந்தாள்.
நீலம் ஊத்தையாம், இது பச்சை.
கண்ணை மூடவில்லை.
மேசையில் தடுப்பூசி அட்டை திறந்தபடி கிடந்தது,
அந்தக் கட்டத்தில் பேனையால்
ஒரு பூனை கீறியிருந்தாள்.
அழிக்கவா என்று கேட்டேன்.
பிறகு அழியுங்கோ, என்றாள்.